மயிலாப்பூரில் பழைய வீட்டுக்குக் குடிபோகுமுன்: பட்டுத் தெரிந்துகொண்டவை

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. மூன்று மாதம் அலைந்தோம். ஒரு டோக்கன் அட்வான்ஸ் போயிற்று. முதல் வீட்டில் ஏழு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுக் காலி செய்தோம். இப்போது சித்திரக்குளம் பக்கம் இரண்டாவது வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறோம். நடுவில் பட்டதை எல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அம்மாவின் முழங்காலும் என் சேமிப்பும் கொஞ்சம் தப்பியிருக்கும்.

நான் சொல்வதெல்லாம் மாட வீதிகள், கச்சேரி ரோடு, முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம், லஸ் வரைக்குமான பழைய மயிலாப்பூருக்கு. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றித் தேடுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். புது அடுக்குமாடியில் பிளாட் பார்க்கிறவர்கள் நேராக 6-க்குப் போய்விடலாம்.

1. ஆடியில் தேடுங்கள், ஆவணியில் குடிபோங்கள்

ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். மார்கழியும் அப்படியே. சிலர் புரட்டாசியையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனியில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்கும். ஒரு மாத வாடகை வீணாகிறதே என்ற கவலையில் ஓனர் இறங்கி வருகிற காலம் இது. இப்போதிருக்கும் வீட்டுக்கு முதலில் கேட்டது 24,000. ஆடி இரண்டாவது வாரம் உட்கார்ந்து பேசி 21,500-க்கு முடித்தோம். வாடகை ஆவணி முதல் தேதியிலிருந்துதான் என்றும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

மே மாதம் தேடாதீர்கள். பள்ளி திறப்பதற்குள் மாறவேண்டும் என்று எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், பேரம் பேச இடமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு பார்ப்பது இன்னொரு நல்ல யோசனை. ஒழுகுகிற கூரை அப்போது தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

2. செயலியை மூடிவிட்டு நடங்கள்

பழைய வீடுகள் செயலிக்கு அதிகம் வருவதில்லை. வருவதும் புரோக்கர் போட்டதாகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருத்தெருவாக நடந்தால், கேட்டில் அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்ட டு-லெட் போர்டு கண்ணில் படும். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். எந்த வீட்டிலிருந்து துணி வருவது நின்றுபோனது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் இரண்டாவது வீடு அப்படிக் கிடைத்ததுதான், புரோக்கர் செலவு மிச்சம்.

புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு கொடுத்தால் போதும். வீடு காட்டவே காசு கேட்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

'போர்ஷன்' என்று சொன்னால் கழிப்பறை தனியா பொதுவா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஒண்டுக்குடித்தன வீடுகளில் அது முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் ராத்திரி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி: "நீங்க வெஜிடேரியன்தானே?" கோயிலைச் சுற்றி இதைக் கேட்காத ஓனர் குறைவு. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். முதலில் ஒரு வீட்டுக்கு 5,000 டோக்கன் கொடுத்து, மறுநாள் அட்வான்ஸோடு போனபோதுதான் அந்தப் பெரியவர் இதைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். வீடு இல்லை என்றார், டோக்கனும் திரும்பவில்லை. "பேசிட்டு மாறினது நீங்கதானேம்மா" என்றாரே, அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. எனவே சாப்பாட்டு விஷயத்தைப் போனிலேயே பேசிவிடுங்கள். டோக்கன் கொடுத்தால், வீடு தராவிட்டால் தொகை திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. கச்சேரி ரோட்டைத் தாண்டிச் சாந்தோம் பக்கம் போனால் இந்தக் கேள்வி குறைவு.

3. தூணைப் பார்க்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

"தண்ணிக்குப் பஞ்சமே இல்லம்மா" என்று சொல்லாத ஓனரை நான் இதுவரை சந்திக்கவில்லை. எங்கள் முதல் வீட்டு ஓனரும் சொன்னார். நான் திண்ணையையும் தேக்குத் தூணையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், கீழே உள்ள அடிபம்பு வரைக்கும்தான் வரும். விடிகாலை நாலே முக்காலுக்குப் பக்கத்துப் போர்ஷன் அக்கா கதவைத் தட்டுவார், "வந்துடுச்சு, வாங்க." நாலு குடித்தனம், ஆளுக்கு ஆறு குடம், முறை வைத்து அடிக்க வேண்டும். முதல் இருபது அடிக்கு வெறும் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் குடத்தை வைக்க வேண்டும். நாங்கள் மாடியில். பதினெட்டுப் படி, ஆறு குடம். அம்மாவின் முழங்கால் போனது அங்கேதான்.

குளிக்க, துவைக்க போர் தண்ணீர். அதை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் ஓனர் வீட்டு அடுக்களைக்குள் இருந்தது. அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போய் மூன்று நாள் தங்கிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் நாங்கள் பட்டதைச் சொல்லி முடியாது.

ஆகவே வீடு பார்க்கும்போது இந்த வரிசையில் விசாரியுங்கள். மெட்ரோ வாட்டர் சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தொட்டியில்) விழுகிறதா, அடிபம்பா? எந்த நேரத்துக்கு வரும், தினமுமா ஒருநாள் விட்டு ஒருநாளா? சம்ப் எல்லாருக்கும் பொதுவா? மோட்டார் சுவிட்ச் யார் கையில்? ஓனரிடம் கேட்டுவிட்டு, அவர் இல்லாதபோது பக்கத்துப் போர்ஷனிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடல் பக்கம்தானே, சில தெருக்களில் நன்றாகவே கரிக்கும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்கள் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே கதிதான்.

மெட்ரோ வாட்டர் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகளும் உண்டு. அது சட்டப்படி கூடாது, பிடித்தால் மோட்டாரை எடுத்துப் போய்விடுவார்கள். "ஃபுல் ஃபோர்ஸ்ல வரும்" என்று ஓனர் பெருமைப்பட்டால் எப்படி வருகிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவந்தால் லாரி உங்கள் சந்துக்குள் நுழையுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 044-4567 4567. குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913.

4. கூரை, சுவர், கரண்ட்

பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். குறுக்கே மர உத்தரங்கள், மேலே நிற்க வைத்து அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. வெயிலுக்கு அருமையாக இருக்கும். ஆனால் உத்தரம் சுவரில் நுழைகிற முனையில் கரையான் பிடிக்கும். கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் கேட்டால் உள்ளே கூடுதான். கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தால் "அது பழைய கறை, சரி பண்ணியாச்சு" என்பார்கள். நாற்காலி போட்டு ஏறித் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பழைய கறை இல்லை.

சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் அங்கே பீரோவை ஒட்டி வைக்காதீர்கள், துணியெல்லாம் முடைநாற்றம் அடிக்கும். ஓனரைக் கேட்காமல் டிரில் போடவே கூடாது. தண்ணீர் ஃபில்டர் மாட்ட நான் போட்ட இரண்டு ஓட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. காலி செய்யும்போது அதற்கு 3,500 பிடித்தார்கள்.

ஏசி வைப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய் வயரிங்கையும் எர்த்தையும் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் இல்லை.

மின்சாரத்தில் இருக்கும் முக்கியமான பொறி சப்-மீட்டர், அதாவது ஒரே இணைப்புக்குள் போர்ஷனுக்குப் போர்ஷன் ஓனர் வைக்கிற உள் மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் குறைந்துவிடும். இந்தக் கணக்கு இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. நாலு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட், மொத்தமும் மேல்படிக்குப் போய்விடும். அதற்கும் மேலே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரு விலை வைப்பார். முதல் வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய் கொடுத்தோம். தனி சர்வீஸ் நம்பர் (தனி மின் இணைப்பு) உள்ள வீட்டுக்கு மாதம் ஆயிரம் கூடுதல் வாடகை கேட்டாலும் நான் யோசிக்காமல் ஒப்புக்கொள்வேன், ஏசி இருந்தால் நிச்சயமாக.

5. ஓனர் உண்மையிலேயே ஓனர்தானா?

இந்தப் பகுதியில் மட்டும் அவசரப்படவே படாதீர்கள்.

பழைய வீடுகள் பல இன்னும் பாகம் பிரிக்காதவை. அண்ணன் அமெரிக்காவில், அக்கா பெங்களூரில், இங்கே இருக்கும் தம்பி வாடகை வாங்கிக்கொண்டிருப்பார். எங்கள் முதல் வீட்டில் நாலாவது மாதம் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கி, "நான்தான் மூத்தவன், இனிமே வாடகையை என் அக்கவுண்ட்ல போடுங்க" என்றார். தம்பியிடம் கேட்டால், "அவன் கிடக்கான், நீங்க எனக்கே குடுங்க" என்கிறார். இரண்டு மாதம் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தோம். நாங்கள் கிளம்பியதற்குத் தண்ணீர் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: கடைசி அரையாண்டு சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, குடிநீர் வரி ரசீது. மூன்றிலும் யார் பெயர் என்று பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரில் இருப்பது இங்கே சகஜம், அதற்காகவே வீட்டை விட்டுவிட வேண்டாம். ஆனால் மற்ற வாரிசுகள் எல்லாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பவர் பத்திரத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

கோயில் மனை இன்னொரு சிக்கல். கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது, அவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுகிறார். இப்படி இங்கே நிறைய வீடுகள் உண்டு. அவர் உள்வாடகைக்கு விடலாமா என்பதே கேள்விக்குரியது. கோயிலுக்குப் பாக்கி வைத்திருந்தால் நோட்டீஸ் ஒட்டுவது நீங்கள் இருக்கும் வீட்டுக் கதவில்தான். "மனை சொந்தமா, கோயிலுதா?" என்று நேராகவே கேளுங்கள். இந்தப் பேட்டையில் இது யாரும் தப்பாக எடுத்துக்கொள்கிற கேள்வி இல்லை.

மூன்றாவது, பில்டர். வீட்டை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறதா என்று ஓனர் தானாகச் சொல்ல மாட்டார். தெருமுனைக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். சமீபத்தில் யாராவது டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்களா என்று கேளுங்கள்.

6. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம், இன்றும் கேட்பார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'ஒப்புக்கொண்டால் ஒழிய' என்பதில்தான் எல்லா ஓனரும் நுழைந்துகொள்கிறார்கள். நாங்கள் ஆறில் ஆரம்பித்து நாலில் முடித்தோம். சட்டத்தைச் சண்டையாகப் பேசாமல், "ரெஜிஸ்டர் பண்ணும்போது மூணு மாசம்னுதானே சார் சட்டத்துல இருக்கு" என்று அப்பாவியாகக் கேட்டது வேலை செய்தது. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.

"பதினொரு மாதத்துக்குப் போட்டால் பதிவே வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வார். அது பாதி உண்மை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம். ஆனால் மேலே சொன்ன சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஓனரும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். இருவரின் அடையாளச் சான்று, ஒப்பந்தத்தின் ஸ்கேன், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான். பதிவு எண் வந்ததும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் தயங்கினால் வீட்டுக்குள் போகுமுன்பே பேசி முடியுங்கள், போன பிறகு நடக்காது.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் வரவேண்டும்: வாடகை எந்த மாதத்திலிருந்து எவ்வளவு ஏறும். காலி செய்ய இரு தரப்புக்கும் எத்தனை மாத நோட்டீஸ் (பில்டர் பயம் உள்ள தெருவில் மூன்று மாதமாவது கேளுங்கள்). தண்ணீருக்கும் கரண்டுக்கும் என்ன கணக்கு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள். கூரை ஒழுகினால் யார் செலவு. வீட்டைப் பார்க்க ஓனர் வருவதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மாடியில் ஓனர், கீழே நீங்கள் என்றால் அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகப் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, கதவு எண். சென்னையில் பல வீடுகளுக்குப் புதிய எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதுங்கள். எங்களுக்குப் பழைய எண் மட்டும் போட்டிருந்ததால் கேஸ் ஏஜென்சியில் ஒருமுறை, வங்கியில் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள்.

சம்பளத்தில் வீட்டு வாடகைக் கழிவு கேட்பவர்கள், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவை. பழைய ஓனர்கள் பலருக்கு இது கசப்பு. அட்வான்ஸ் கொடுக்குமுன் வாங்கிவிடுங்கள்.

மொத்தத்தில், 21,500 வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிபோன மாதம் கையைவிட்டுப் போனது: அட்வான்ஸ் 86,000, முதல் மாத வாடகை, ஒப்பந்தம் எழுத 1,200, வண்டியும் ஆட்களும் 7,500. புரோக்கர் இருந்திருந்தால் இன்னொரு 21,500.

7. சாமான் ஏற்றும் நாள்

பெரிய லாரி பேசாதீர்கள், சந்துக்குள் நுழையாது. குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) இரண்டு நடை அடித்தால் வேலை முடியும். காலை ஆறரைக்குள் வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் மாட வீதியில் காய்கறிக் கடையும் பூக்கடையும் பரப்பியாகிவிடும். பிரதோஷ நாள் சாயங்காலம் வேண்டவே வேண்டாம். பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும், முக்கியமாகத் தேருக்கும் அறுபத்துமூவருக்கும், வண்டியை மறந்துவிடுங்கள். லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் பாதை மாற்றி விட்டிருப்பார்கள், முந்தின நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிரிட்ஜையும் பீரோவையும் டேப் வைத்து அளந்து, மாடிப்படி அகலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் பீரோ படியில் திரும்பவில்லை. கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்ற 1,500 கூடுதல். கீழே தெருவே நின்று யோசனை சொன்னது.

கார் வைத்திருப்பவர்கள் வீட்டைவிட முதலில் கார் நிறுத்த இடம் தேடுங்கள். ஸ்கூட்டர் ரேழிக்குள் ஏறிவிடும்.

8. முதல் மாதத்துக்குள்

உள்ளே போன அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள், பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. சுவர், கூரை, கழிப்பறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அதையும் அனுப்புங்கள். குடியிருப்பவர் விவரப் படிவத்தை ஓனர் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டியிருக்கும், போட்டோவும் ஆதார் நகலும் தயாராக இருக்கட்டும். கேஸ் இணைப்பை முதலில் மாற்றிவிட்டால் மற்ற முகவரி மாற்றங்களுக்கு அந்த ரசீது உதவும். மார்கழியில் விடிகாலையிலேயே ஒலிபெருக்கி ஆரம்பிக்கும். சங்கடமாக இருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், போய்ப் புகார் சொன்னால் தெருவில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

9. காலி செய்யும்போது

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில், அடுத்த குடித்தனம் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்துதான் உங்களுக்கு வரும். அதனால் நோட்டீஸ் கொடுக்கும்போதே கடைசி இரண்டு மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதற்கு மேல் பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் கேளுங்கள். நீங்கள் குடிபோன அன்று எடுத்த வீடியோ அப்போதுதான் வேலைக்கு வரும்.

ஓனர் கையில் சாவி கொடுக்கிற அன்றைக்கும் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டு ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். அண்ணன் தம்பி இருவர் இருந்தால் இருவரிடமும்.